அச்சுக்கு முந்திய வேலை

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில், மாத்தளைப் புகையிரதப் பாதை ஊடறுத்துச் செல்வதும், நகரத்தாரின் பொது மயானம் அமைந்திருப்பதுமான மஹய்யாவப் பகுதியிலே, மாநகர சபையின் துப்புரவுப் பணிக்கென ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நெருக்கமான குடியிருப்புக்களில் வாழ்ந்துவருகிறார்கள். பத்திரிகையில் ஓர் அங்குல விளம்பரம் போடவும் வசதியில்லாத இவர்களுக்கு, கோயில் திருவிழாவோ, மரண அறிவித்தலோ, பிள்ளைகளின் மாலை வகுப்போ எதுவாயினும், அதை ஊரறியச் செய்வதற்குக் கைக்கெட்டும் சாதனம் நோட்டீஸ் என்று வழக்கில் சொல்லப்படும் துண்டுப் பிரசுரந்தான். அக்குடியிருப்பைச் சேர்ந்த யுவதி ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளுக்காகத் தன் தோழியருடன் தொடங்கவிருந்த மாலை வகுப்புக்குத் தானே கைத்தொலைபேசியில் ஒரு நோட்டீஸ் தயாரித்து, அதை நகரத்திலுள்ள சிறிய அச்சகம் ஒன்றுக்கு எடுத்துச் சென்றபோது, நானும் அவளுடைய சம்மதத்தின்பேரில் உடன் சென்றேன்.

கண்டிக்கும் மலைநாட்டுக்கும் தமிழ் அச்சோடு உள்ள உறவு புதிதன்று. கண்டியிலே பிறந்து சட்டத்தொழில் புரிந்த சித்திலெப்பை 1882ஆம் ஆண்டில் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை ஆரம்பித்துத் தம் சமூகத்தின் கல்விக்காக வாதாடினார். துணி வியாபாரியாக வேடம் பூண்டு, தோட்டத்துரைமாரின் காவலை மீறித் தொழிலாளர் வசிக்கும் லயங்களுக்குள் நுழைந்த கோ. நடேசய்யர், 1921இல் ‘தேசநேசன்’ பத்திரிகையையும் பின்னர் ‘தேசபக்தன்’ பத்திரிகையையும் நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடியதோடு நில்லாமல், அப்பாட்டுக்களைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டும் பரப்பினார். அதிகாரமும் பணமும் இல்லாதவர்கள் தம் சொல்லைக் காகிதத்தில் ஏற்றி ஊருக்குள் அனுப்பும் அந்த மரபில் வந்ததாகவே அந்தப் பெண்ணின் ஒற்றைத் தாள் நோட்டீஸையும் நான் கருதுகிறேன்.

அச்சகத்தில் கணினிக்கு முன் அமர்ந்திருந்தவர், சிறுவயதில் ஈய எழுத்துக்களைக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்து, அத்தொழில் மறைந்தபின் கணினியைக் கற்றுக்கொண்டவர். அவள் நீட்டிய கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தவுடனேயே, “தங்கச்சி, இது வாட்சப்ல வந்த படந்தானே? செஞ்ச இடத்துல இருந்து அப்பிடியே எடுத்துத் தர ஏலுமா?” என்று கேட்டார். “கண்ணுக்கு வடிவா இருக்கே அண்ணே, இதையே அடிக்க ஏலாதா?” என்றாள் அவள். திரையில் வடிவாகத் தெரிவது வேறு, தாளில் வடிவாக விழுவது வேறு என்பதை அவர் வாயால் சொல்லாமல் கணக்கால் காட்டினார். நோட்டீஸின் அளவு ஏ5, அதாவது 148 மில்லிமீற்றர் அகலமும் 210 மில்லிமீற்றர் உயரமும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் அகலத்துக்கு மாத்திரம் 1748 புள்ளிகள் இருத்தல் வேண்டும். அவளுடைய படத்தில் இருந்தவையோ 1080. அதை இழுத்துப் பெருப்பித்தால், பெரிய தலைப்பு ஒருவாறு தப்பினாலும், அடியிலுள்ள தொலைபேசி இலக்கத்தில் 3க்கும் 8க்கும் பேதம் தெரியாமற் போய்விடும். பிள்ளையை வகுப்பில் சேர்க்க விரும்பும் தாய் ஒருத்தி அழைக்க வேண்டிய இலக்கமல்லவா அது!

அடுத்தது ஓரம். அவள் தாளின் மேற்பகுதியில் செந்நிறப் பட்டை ஒன்றை விளிம்பு வரையில் ஓடவிட்டிருந்தாள். அச்சடித்த பெரிய தாள்களை அடுக்கிவைத்து வெட்டும்போது, கத்தி எப்போதும் மயிரிழை பிசகாமல் விழும் என்று எந்த அச்சகத்தாரும் உறுதி சொல்லமாட்டார்கள். சற்றே விலகினாலும் பட்டைக்கு வெளியே வெள்ளைக் கோடு ஒன்று தோன்றிவிடும். அதனால், தையற்காரர் தையலுக்கென்று மேலதிகத் துணி விடுவதைப்போல, நிறத்தை ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெளியே நீட்டிவிடுகிறார்கள். இதைத் தொழிலில் பிளீட் என்பார்கள். அவ்வாறு நீட்டியபின் ஒரு நோட்டீஸ் 154க்கு 216 ஆகிறது. நான்கு நோட்டீஸ்களைச் சேர்த்து வைத்தால் 308க்கு 432. சாதாரண ஏ3 தாளில் இது அடங்காது. 320க்கு 450 அளவுள்ள தாளில் அடங்குவதோடு, தாளை இயந்திரம் பற்றி இழுப்பதற்கு வேண்டிய வெற்றோரமும் மிஞ்சுகிறது. ஆயிரம் நோட்டீஸுக்கு 250 தாள், அதற்கு மேல் கழிவுக்கென்று சில. எழுத்துக்களை மாத்திரம் வெட்டுக்கோட்டிலிருந்து ஐந்து மில்லிமீற்றராவது உள்ளே தள்ளிவைத்தார்.

ஆயினும் நான் நெடுநேரம் வியந்து நின்றது எழுத்து விஷயத்திலேதான். படத்தையே அடிக்க இயலாததால் எழுத்துக்களைக் கணினியில் மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. பாட நேரசூசியை வேறொரு கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் முழுவதும் மறைந்து ஆங்கில எழுத்துக்களின் பொருளற்ற கோவையாகிவிடுகிறது; மெய்யெழுத்தின் புள்ளி நிற்கவேண்டிய இடந்தோறும் ஓர் அரைப்புள்ளி நிற்கிறது. தலைப்புப் பகுதியோ யூனிக்கோடில் இருந்தது. அச்சகத்திலுள்ள பழைய மென்பொருளில் அதை ஒட்டியதும், ‘பெற்றோர்’ என்ற சொல்லின் கொம்பு ‘ப’வுக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. பார்ப்பவருக்கு அது எழுத்தறியாதவர் எழுதியதாகத் தோன்றும். கல்விக்காக அழைக்கும் ஒரு தாளில் அத்தகைய பிழை நேர்ந்தால் அழைப்பின் மதிப்பே கெட்டுவிடும். அவர் சலிப்பின்றி ஒவ்வொரு வரியையும் ஒரே முறைக்கு மாற்றி, கொம்பையும் புள்ளியையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். சிங்களத்தில் இருந்த ஒரு வரியைத் தாமே திருத்தாமல், இயந்திரத்தில் நின்ற சிங்களச் சகோதரரை அழைத்து வாசிக்கச் செய்தார். நாட்டின் பெரிய காரியாலயங்களிலும் காணக் கிடைக்காத இந்த மொழி மரியாதையை அந்தச் சிறு அறையில் கண்டு என் மனம் நிறைந்தது.

நிறங்களைக் குறித்து அவர் தந்த ஆலோசனை அவளுக்கு முதலில் ஏமாற்றமாகவே இருந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுவது. காகிதம் மையால் காட்டுவது. ஊதாவிலிருந்து நீலத்துக்கு மங்கிச் செல்லும் அவளுடைய பின்னணி தாளில் சோபையற்று விழும் என்பதோடு, அங்கிருந்த இயந்திரம் ஒருமுறைக்கு ஒரு நிறமே அடிப்பதாகையால், நான்கு நிறங்களுக்குப் பிளேட் எனப்படும் அச்சுத்தகடு நான்கும் நான்கு ஓட்டமும் வேண்டும். கறுப்பு எழுத்திலும் ஒரு சங்கடம் உண்டு. படத்திலுள்ள கறுப்பை மென்பொருள் தானாகவே அச்சு நிறங்களுக்கு மாற்றும்போது, சியான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று மொத்தம் 300 வீத மையைச் சிறிய எழுத்தின்மேல் குவித்துவிடுவது சர்வசாதாரணம். நான்கும் இம்மியளவும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் எழுத்து நிழலடித்துக் கலங்கும். எனவே பின்னணியை நீக்கி, எழுத்துக்குத் தனிக் கறுப்பு, பட்டைக்கு அரக்குச் சிவப்பு என்று இரண்டு மையிலே அமைத்தார். பெண் முகத்தைச் சுளித்தாள். மாதிரித் தாளைக் கையில் வாங்கி எட்டத்தில் பிடித்துப் பார்த்தபின், “இப்பதான் அண்ணே பாடமெல்லாம் தெளிவாத் தெரியுது” என்றாள்.

எழுத்துக்களை வடிவக்கோடுகளாக மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் எழுத்துருச் சிக்கல் எழாது. ஆனால் அதன்பின் ஓர் எழுத்தையும் தட்டித் திருத்த முடியாது. ஆதலால் புரூஃப் வாசிப்பு அதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். அவள் மூலத்தை உரக்க வாசிக்க, அவர் மாதிரித் தாளில் பேனாமுனையை நகர்த்திக்கொண்டே வந்தார். ஈய எழுத்துக் காலத்துப் பழக்கமாகிய இதைத் தாம் விடவில்லை என்றார். திகதியையும் கிழமையையும் சுவரிலிருந்த நாட்காட்டியோடு ஒப்பிட்டார். தொலைபேசி இலக்கத்தை வாசித்தறிந்ததோடு திருப்தியடையாமல், அச்சாகவிருந்த அந்த இலக்கத்தைத் தம் தொலைபேசியில் அழுத்தி, அவளுடைய தொலைபேசி ஒலித்த பிறகே சரி என்று குறியிட்டார்.

இத்தனை கவனம் ஏனென்றால், பிழைத்த தாள் என்பது வீணான பணம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் காகிதம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாமல், மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதையும், ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகளின் அச்சுப் பதிப்புகள் தடைப்பட்டதையும் அச்சுத் தொழிலாளர் எவரும் மறந்திலர். வெட்டியபின் மிஞ்சும் கீற்றுக்களை இந்த அச்சகத்தில் இன்றும் எறிவதில்லை. ஒரு பக்கம் தைத்துக் குறிப்புப் புத்தகமாக்கி மேசையில் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் எழுதப்பட்ட பற்றுச்சீட்டில் காகிதம், பிளேட், அச்சுக்கூலி, வெட்டுக்கூலி என்பவை இருந்தன. பிற்பகல் முழுவதும் அம்மனிதர் கணினி முன் செய்த வேலைக்கு ஒரு வரியும் இல்லை. காரணம் கேட்டேன். “அதுக்குக் காசு கேட்டா அடுத்த பிரஸ்ஸுக்குப் போயிருவாங்க ஐயா, எல்லாரும் சும்மாதான் செஞ்சு குடுக்கிறோம்” என்றார். இந்தச் சம்பிரதாயம் நியாயமன்று என்பதே என் உறுதியான அபிப்பிராயம். இயந்திரம் ஓடுவதைக் காண்பவர்கள் அதற்குக் கூலி கொடுக்கிறார்கள். அது எதை அச்சிட வேண்டுமென்று தீர்மானிக்கும் அறிவும் கண்ணும் இலவசமென்று எண்ணுகிறார்கள். திருத்தக்கூலி என்று ஒரு வரியை அச்சகங்கள் ஒருமித்துப் பற்றுச்சீட்டில் சேர்க்குமானால், கொடுப்பவரும் நாளடைவில் அதன் பெறுமதியை அறிந்துகொள்வர். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண், “அதையும் போடுங்க அண்ணே” என்று தானாகவே சொல்ல, அவர் சிறிது தயங்கி, மிகக் குறைந்ததொரு தொகையை எழுதினார். மை காய்ந்த பிறகே வெட்ட வேண்டுமாதலால், மறுநாள் மாலை வந்து ஆயிரத்தையும் எண்ணி எடுத்துக்கொள்ளும்படி அவளிடம் கூறினார்.