சுபஹுக்குப் பிறகு கடற்கரை

பெப்ரவரி 4

உணவையும் உடலுழைப்பையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு ஓர் இலக்கத்தைக் கண்ட பிறகுதான் வருகிறது. இரத்தத்தில் சீனி, பிரஷர், இடுப்புச் சுற்றளவு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று எல்லை தாண்டியிருக்கும். இலங்கைச் சுகாதார அமைச்சு 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும். உயரம், நிறை, பிரஷர், இடுப்பைச் சுற்றி ஒரு நாடா, விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம். கால் மணி நேர வேலை.

ஆசிய உடம்புக்கு எல்லைகள் கொஞ்சம் இறுக்கமானவை. உடல் நிறைச் சுட்டி 23ஐத் தொட்டாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. தெற்காசிய ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது. கை கால் மெலிந்து, சட்டைக்குள் வயிறு மட்டும் தள்ளியிருப்பவரே நாடாவில் முதலில் அகப்படுகிறார். இலங்கையில் பத்து மரணங்களில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால் நிகழ்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் அன்றைக்கே நடக்கத் தொடங்கிவிடுவார்.

அன்றைக்குத் தொடங்குவார். அடுத்த மாதமும் நடப்பாரா என்பதுதான் கேள்வி. பயம் தரும் ஊக்கத்துக்கு ஆயுள் குறைவு. பல்வலி போலச் சீனி வருத்தம் தினமும் வந்து நினைவூட்டுவதில்லை. நோவில்லாத வருத்தத்தை மறப்பது மனித இயல்பு. அதைச் சோம்பல் என்று திட்டுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பெப்ரவரி 18

ஊக்கத்தை மனதுக்குள் தேடுவதைவிட நாளின் ஒழுங்குக்குள் கட்டி வைப்பது நிலைக்கும். ஜேர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் செய்த ஆய்வுகளின் சாரம் இது: ‘நடக்க வேண்டும்’ என்று எண்ணுபவரைவிட, ‘இன்ன வேலை முடிந்ததும் இன்ன இடத்தில் நடப்பேன்’ என்று முன்கூட்டியே முடிவெடுப்பவர் அதிகம் நடக்கிறார். கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையோர ஊர்களில் அந்த ‘இன்ன வேலை’யைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐந்து வேளை பாங்கு நாளை ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருக்கிறது.

அவற்றுள் மிகவும் வாய்ப்பானது சுபஹ். தொழுகை முடிந்து வெளியே வரும்போது கிழக்கே கடலுக்கு மேல் வெளுப்புத்தான் தெரியும். சூரியன் ஏற இன்னும் நேரம் இருக்கும். மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர் வரை பள்ளிவாசலுக்கும் கடற்கரைக்கும் இடையே தூரம் பெரிதில்லை. ஆனால் ஒரு நுட்பம் உண்டு. பள்ளியிலிருந்து நேரே கடற்கரைக்குத் திரும்புபவர் நடக்கிறார். ‘வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவோம்’ என்பவர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வீட்டில் தேத்தண்ணி இருக்கிறது, பாய் இன்னும் சுருட்டப்படவில்லை. நடக்கும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே தொழப் போகிறவர்களைப் பள்ளி வாசலில் பார்க்கலாம். செருப்பு வரிசைக்கு நடுவே அந்த ஒரு சோடி சப்பாத்து, எந்தச் சபதத்தையும்விட நம்பத்தகுந்தது.

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் வளர்ந்தவர்களிடம் கேட்பது கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. ஐந்து நாளைக்கு அரை மணி நேரம் நடந்தால் கீழ் எல்லையைத் தொட்டுவிடலாம். பேச முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் போதும். ஆறு பேர் ஊர்வம்பு பேசிக்கொண்டு ஊர்ந்து போவது இந்தக் கணக்கில் சேராது. உட்கார்ந்து பேசுவதைவிட மேல், அவ்வளவுதான். போனில் தெரியும் 10,000 அடி என்ற இலக்கும் வேதவாக்கல்ல. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவிய இலக்கம் அது. அதை எட்டாததற்காக நடையையே கைவிடுவது வீண்.

இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமட்டமாக 66 நாட்கள் எடுத்தன. சிலருக்கு 18 நாட்களில் படிந்தது. சிலருக்கு 254 நாள்வரை போகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கம் சீக்கிரம் படியும், உடற்பயிற்சி தாமதிக்கும். ‘இருபத்தொரு நாளில் பழக்கம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வாக்குறுதியை நம்புபவர் இருபத்திரண்டாம் நாள் ஏமாறுவது இதனால்தான்.

ரமழான் பிறை 6

நோன்பு மாதத்தில் சாப்பாட்டு நேரம் முழுவதும் தலைகீழாகிறது. பகலில் ஒன்றுமில்லை என்பதால் நிறை குறையும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும், பலருக்குக் குறைவதில்லை. காரணம் மஃரிபுக்குப் பிந்தைய அரை மணி நேரத்தில் இருக்கிறது. பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி. அதற்குள் சமோசா, ரோல்ஸ், பற்றிஸ், கட்லட். எண்ணெயில் பொரித்தவை வயிற்றுக்குள் போகும் வேகத்துக்கு ‘போதும்’ என்ற செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. அதற்குச் சுமார் இருபது நிமிடம் வேண்டும். பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்காரும் பழைய ஒழுங்கு அந்த இடைவெளியைத் தானாகவே தந்துவிடுகிறது. நோன்புக் கஞ்சியில் குறை சொல்ல ஏதுமில்லை. அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, பூண்டு, வெந்தயம், கொஞ்சம் இறைச்சி. தண்ணீரும் உப்பும் இழந்த உடம்புக்கு அது ஏற்றதுதான். பக்கத்துத் தட்டில்தான் கணக்கு தவறுகிறது.

காலை நடையை இந்த மாதம் வலிந்து இழுக்கத் தேவையில்லை. ஸஹர் சாப்பாடு முடிந்த கையோடு நடப்பவர் பகல் முழுவதும் தாகத்தோடு இருக்க வேண்டிவரும். தராவீஹுக்குப் பள்ளிக்கு நடந்து போய் வருவதும், 8 அல்லது 20 ரக்அத்தில் எழுவதும் குனிவதும் அமர்வதும் அன்றைய உடலுழைப்பில் ஒரு நல்ல பங்கு. 200 யார் தூரத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பவர் அதில் பாதியை இழக்கிறார்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நோன்புக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பே வைத்தியரைக் கண்டு, நோற்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று பேசிக்கொள்ள வேண்டும். சர்வதேச வழிகாட்டல்படி, இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே விட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை ஆலிம்கள் பலமுறை சொல்லியிருந்தும், அந்த அச்சத்தால் அளக்காமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஷவ்வால் பிறை 9

பெருநாள் வட்டிலப்பமும் விருந்தும் முடிந்து எட்டு நாள் ஆன பிறகும் சப்பாத்து மூலையில் கிடக்கும். பழக்கம் உடைவது பெரும்பாலும் இந்த மாதத்தில்தான். உடைப்பது விருந்து அல்ல, விருந்துக்குப் பிறகு வரும் ‘எல்லாம் கெட்டுவிட்டது, இனி என்ன’ என்ற நினைப்பு. லாலியின் ஆய்வு இதற்கும் பதில் வைத்திருக்கிறது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாகும் போக்கு குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படவில்லை. ஆகவே எண்ண வேண்டியது விட்ட நாளை அல்ல, மீண்டும் தொடங்க எடுக்கும் நாளை. ஷவ்வால் ஆறு நோன்பை நோற்பவர்களுக்கு உணவு ஒழுங்குக்குத் திரும்ப ஒரு படிக்கட்டு வாய்த்துவிடுகிறது.

மே 12

கடற்கரை நடையைப் பற்றிய பேச்செல்லாம் ஆண்களைப் பற்றியதாகவே போய்விடுகிறது. இந்த ஊர்ப் பெண்களுக்குச் சுபஹ் நேரம் என்பது அடுப்பு நேரம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கணவருக்குக் காலைச் சாப்பாடு. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. முற்றம் என்று சொல்ல இடமில்லை, ஒழுங்கையில் தனியாக நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். இதைப் பெண்களின் ஊக்கக் குறைவு என்று எழுதுவது அநியாயம். அஸருக்குப் பிறகு ராத்தா, மச்சி, பக்கத்து வீட்டுச் சாச்சி என்று மூன்று பேர் சேர்ந்தால் நடை நடக்கிறது. ஒருவர் வராவிட்டால் மற்றவர் கதவைத் தட்டுகிறார். வீட்டுக்குள் என்றால் மாடிப்படி ஏறி இறங்குவது, கதிரையில் அமர்ந்து கை ஊன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. தசைகளுக்கான பயிற்சி கிழமைக்கு இரு நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் அதே வழிகாட்டல் சொல்கிறது. நடையை மட்டும் பிடித்துக்கொண்ட ஆண்கள் கோட்டை விடுவது இதைத்தான்.

துல்ஹஜ் பிறை 14

குர்பான் இறைச்சி வீடு வீடாக வந்து குளிர்சாதனப் பெட்டி நிரம்பும் நாட்கள். கலியாணங்களும் இதையொட்டி வரும். சஹனில் ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது எவ்வளவு உண்டோம் என்பதை யாரும் தனியாகக் கணக்கிட முடியாது. தன் முன்னால் இருக்கும் பகுதிக்கு மட்டும் கை போடுவதும், இறைச்சிக்கு முன் கச்சம்பலை எடுப்பதும்தான் அங்கே செய்யக்கூடியவை. விருந்தில் உணவுக் கட்டுப்பாடு காட்டுவது முரட்டுத்தனமாகத் தெரியும். மறுநாளைச் சரிப்படுத்துவது யார் கண்ணிலும் படாது.

வீட்டுச் சாப்பாடுதான் பெரிய விஷயம். கிழக்கிலங்கை முஸ்லிம் வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை மாமியார் குடும்பத்தோடோ அருகிலோ வாழ வருகிறார். கரண்டி மாமியின் கையில் இருக்கும்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா மகன்?”

“போதும் மாமி.”

“என்ன, கறி சரியில்லையா?”

இந்தக் கேள்விக்குப் பிறகு கோப்பையை மறைக்கும் மருமகன் அபூர்வம். எனவே உணவு மாற்றம் தனியாளின் மனவுறுதியால் நடப்பதல்ல. வீட்டோடு பேசி முடிக்க வேண்டிய காரியம். கிளினிக் அட்டையை மருமகன் ஒளித்து வைக்காமல் மாமியின் கையில் கொடுத்தால், அடுத்த நாள் முருங்கையிலைச் சுண்டல் தானாக வரும். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு மீன் அல்லது பருப்பு, காற்பங்கு சோறு என்பது வைத்தியர்கள் சொல்லும் அளவு. சம்மாந்துறை வயல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோற்றைக் கைவிடச் சொல்வது நடவாத பேச்சு. தீட்டாத சிவப்பரிசியாக மாற்றி, மலையாகக் குவிப்பதைக் குறைத்தால் போதும்.

ஜூலை 21

கச்சான் காற்று அடிக்கிறது. காலை எட்டு மணிக்கே வெயில் சுடுவதால் தேத்தண்ணிக் கடையில் கூட்டம். ஒரு பால் தேத்தண்ணியில் மூன்று தேக்கரண்டி சீனி என்று வைத்தால், நாளுக்கு நான்கு குடிப்பவருக்குப் பன்னிரண்டு. ஏறத்தாழ 50 கிராம். உலக சுகாதார அமைப்பு ஒரு நாள் முழுவதுக்கும் வைத்திருக்கும் உச்சமே அவ்வளவுதான், அதில் பாதியே நல்லது என்றும் அது சொல்கிறது. அத்தோடு வரும் பணிஸும் ரோல்ஸும் தனிக் கணக்கு.

ஒரேயடியாகச் சீனியை நிறுத்தியவர் மூன்றாம் நாள் கடைக்குத் திரும்பிவிடுவார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிக்கொள்கிறது. போத்தல் பானங்களுக்கு 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் நிறக் குறியீடு கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2க்குக் குறைந்தால் பச்சை. தேத்தண்ணிக் குவளைக்கு அந்தக் குறியீட்டை யாரும் ஒட்டுவதில்லை.

ஒக்டோபர் 6

தொடங்கி மாதங்கள் கழிந்த பிறகு ஊக்கத்தைக் காப்பது நினைவூட்டலும் துணையும். சென்னையில் வைத்தியர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கை முறை மாற்றம் மட்டுமே ஆபத்தில் இருந்தவர்களிடம் நீரிழிவு வருவதை மூன்று ஆண்டுகளில் 28.5 சதவீதம் குறைத்தது. அதே குழு 2013இல் இன்னும் மலிவான வழியைக் காட்டியது: வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிக்குக் கைபேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி போனது. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ‘இன்று எங்கே காக்கா, காணோம்?’ என்று வரும் வரியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எழுதி வைப்பது இன்னொரு வழி. அமெரிக்காவில் 2008இல் வெளியான, சுமார் 1,700 பேரைக் கொண்ட ஆய்வில், தினமும் உண்டதைக் குறித்தவர்கள் குறிக்காதவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு நிறை குறைத்தார்கள். கொப்பி அழகாக இருக்க வேண்டியதில்லை. தேதி, நடந்த நிமிடம், தேத்தண்ணி எத்தனை. கலண்டர் தாளின் ஓரமே போதும். நிறையைக் கிழமைக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது. நாளுக்கு நாள் ஏறி இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். அதைப் பார்த்து மகிழ்பவர் மறுநாள் அதனாலேயே சோர்ந்து போவார்.

நவம்பர் 24

வாடைக் காற்றோடு மாரி மழை. கடல் கொந்தளித்து மணல் கரையை அரிக்கிறது, ஒழுங்கைகளில் முழங்கால் தண்ணீர். கிழக்கில் நவம்பர் முதல் ஜனவரி வரை வெளியே நடப்பது பல நாட்கள் இயலாது. ஆகவே மழைக்காலத் திட்டம் மழைக்கு முன்பே தயாராக வேண்டும். உடலுழைப்பு குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டல் நீக்கிவிட்டது. சுபஹுக்குப் பின் விறாந்தையில் ஐந்து நிமிடம், லுஹருக்குப் பின் படிக்கட்டில் ஐந்து நிமிடம், இஷாவுக்குப் பின் இன்னும் இருபது என்று சேர்த்தால் அன்றைய கணக்கு நிரம்பும். நேரம் அதே நேரம், இடம் மட்டும் வேறு என்பதால் பெப்ரவரியில் வானம் வெளுக்கும்போது பழக்கத்தை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.