பட்டன் டயரும் பால்மரமும்

மோட்டார் வைத்த மலைச்சைக்கிளின் எடை பொதுவாக 20 முதல் 25 கிலோ. மோட்டார் இல்லாத அதன் அண்ணன் 14, 15 கிலோவோடு நின்றுவிடுவான். மிதிகட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மோட்டாரும், சட்டத்துக்குள் படுத்திருக்கும் பேட்டரியும்தான் அந்த வித்தியாசம். ஓட்டுபவர் 80 கிலோ, முதுகுப்பை 5 கிலோ என்று வைத்துக்கொண்டால், 25 கிலோ சைக்கிளோடு சேர்த்து மொத்தம் 110 கிலோ. இதில் சுமார் 66 கிலோ பின்சக்கரத்தின் தலையில் இறங்குகிறது. பின் டயரில் 25 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க டயர் ஏறக்குறைய 37 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட்டாக வேண்டும். டயரின் சொந்த விறைப்பால் இது கொஞ்சம் குறையலாம். இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டிப் படுக்க வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு. ஏறுவது, இறங்குவது, வளைவது, நிற்பது எல்லாமே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இந்தத் தீப்பெட்டி அளவு ரப்பரை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் மோட்டாரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்; டயருக்குக் கிடைப்பது கடைசி ஐந்து நிமிடம்.

அகலம் முதலில். இன்று இந்தச் சைக்கிள்களில் வருவது பெரும்பாலும் 2.4 அல்லது 2.6 அங்குலம். மோட்டார்தான் இழுக்கப்போகிறதே என்று சில ஆண்டுகள் 2.8, 3 அங்குலம் என்று பூசணிக்காயாக ஊதிப் பார்த்தார்கள். மணலில் அது சொகுசு. வேகமான வளைவில் பந்துபோல் துள்ளும், நெளியும். மோகம் அடங்கிவிட்டது. அகல டயர் புதுச் சிந்தனையும் அல்ல. அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 1933-இலேயே 2.125 அங்குல பலூன் டயரோடு சைக்கிள் விற்றது. சிறுவர்களுக்கான கனத்த, அசையாத சைக்கிள் அது. நாற்பது ஆண்டு கழித்துக் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் அந்தப் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் உருட்டிவிட்டார்கள். 1976-இல் அங்கே தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அதனால் வந்த பெயர். மெல்லிய டயர் போட்ட நல்ல சைக்கிள்கள் அன்று கடைகளில் எவ்வளவோ இருந்தன. கல்லிலும் முரட்டு மண்ணிலும் தாக்குப்பிடித்தது அந்தக் குண்டு டயர்தான். மலைச்சைக்கிள் என்ற இனமே ஒரு டயரைப் பின்தொடர்ந்து பிறந்தது.

குண்டு டயருக்குக் குறைந்த காற்று ஏன் போதும் என்பதில் ஒரு சிறு இயற்பியல் இருக்கிறது. டயரின் துணி எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பது காற்றழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல. அழுத்தத்தையும் டயரின் பருமனையும் பெருக்கினால் வருவது அது. சாலைப் பந்தயச் சைக்கிளின் 28 மில்லிமீட்டர் டயரில் 100 பிஎஸ்ஐ தரும் இறுக்கத்தை, 61 மில்லிமீட்டர் பருமனுள்ள 2.4 அங்குல டயரில் 46 பிஎஸ்ஐயே தந்துவிடும். 25 பிஎஸ்ஐ என்பது கேட்பதற்குத்தான் தொளதொளப்பு. ரிம்மின் உள்ளகலம் 30 மில்லிமீட்டர் இருப்பது இதற்கு நல்ல துணை. குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் அது குண்டு பல்பின் வடிவம் எடுத்து, வளைவில் பக்கவாட்டில் சாயும்.

அடுத்தது துணி. ரப்பருக்கு அடியில் இருக்கும் நைலான் நூலடுக்குதான் டயரின் எலும்பு. தேய்ந்த டயரைப் பார்த்து 'நூல் தெரியுது' என்று பஞ்சர் கடைக்காரர் சொல்வது இதைத்தான். எடை குறைந்த சைக்கிளுக்கென்று செய்த டயரில் துணி மெல்லியது. 29 அங்குலச் சக்கரத்துக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். முரட்டு இறக்கத்துக்குச் செய்தது 1.2 முதல் 1.4 கிலோ. கால்பலத்தில் ஏறுகிறவருக்கு அந்த 300 கிராம் பெரிய பாவம். மோட்டார் இருப்பவருக்கு அந்தப் பாவம் பேட்டரியின் கணக்கில் போய்ச் சேரும். ஆகவே பின்சக்கரத்துக்காவது கனத்த துணி போடுவதே புத்திசாலித்தனம். டயரின் பக்கவாட்டில் 'ஈ-25', 'ஈ-50' என்றெல்லாம் முத்திரை இருக்கும். ஐரோப்பியச் சட்டப்படி சாதாரண மின்சைக்கிளின் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகம்வரைதான் உதவும். முதல் முத்திரை அந்த வகைக்கு, இரண்டாவது அதைவிட வேகமாக ஓடும் வகைக்கு. நன்றாகச் செய்த எந்த மலை டயரும் முதல் வகைக்குத் தாங்கும். அந்த எழுத்துக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ரப்பர் கலவையில் மென்மை என்றால் பிடிப்பு, கடினம் என்றால் ஆயுள். இரண்டையும் ஒரே டயரில் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களைக் கல்யாணத் தரகர் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவார். பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் வாலை ஆட்டும், அவ்வளவுதான். எனவே முன்னால் மென்மையான கலவையும், டயரின்மேல் புடைத்து நிற்கும் ரப்பர் பட்டன்கள் உயரமாகவும் வேண்டும். பின்னால் கதை வேறு. பாஷ் நிறுவனத்தின் பெயர்பெற்ற மலை மோட்டார் 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடு வந்தது. ஏற்றத்தில் கல்மேல் நின்று அந்த விசையைக் காட்டும்போது மென்மையான பட்டன்கள் அழிரப்பர் போல் உதிரும். அங்கே சற்றுக் கடினமான கலவையும், குறுக்கே அகன்ற பட்டன்களும் பொருத்தம். மேக்ஸிஸ் நிறுவனம் 2018-இல் தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னாரோடு சேர்ந்து உருவாக்கிய டயர் ஒன்று முன்சக்கரத்துக்குப் பெயர்போனது. அதன் பெயர் அசெகாய். ஆப்பிரிக்க ஈட்டி என்று பொருள். தமிழ்க் காதுக்கு அசகாய சூரன் என்று விழுந்தால் பெரிய தவறில்லை.

இனிக் காற்று. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அழுத்தம் உச்சவரம்பு. அதைச் சிபாரிசு என்று நினைத்து அதுவரை அடித்துவிட்டு, மலைச்சைக்கிள் எலும்பை எண்ணுகிறது என்று குறைப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேலே சொன்ன 80 கிலோ ஆளுக்கு, டியூப் இல்லாத 2.4 அங்குல டயரில், முன்னால் 21 முதல் 23, பின்னால் 24 முதல் 26 பிஎஸ்ஐ நல்ல தொடக்கம். டியூப் இருந்தால் இன்னும் நாலைந்து கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை அருகருகே விழும். பாம்புக்கடி என்றே அதற்குப் பெயர். ஆள் பத்துக் கிலோ கூடினால் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காற்று மிகுந்தால் வேர்களின்மேல் டயர் துள்ளும். துள்ளும் நேரத்தில் அது தரையில் இல்லை, பிரேக்கும் இல்லை. குறைந்தால் வளைவில் நெளியும், ரிம் கல்லில் இடிக்கும், சிலசமயம் விளிம்பு விலகி ஏப்பம்போல் ஒரு வாய்க் காற்றை விட்டுவிடும். ஒரே தடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே போய், ரிம் இடிக்கும் சத்தம் கேட்டதும் இரண்டு பிஎஸ்ஐ கூட்டி நிறுத்துவது பழைய வழி, நல்ல வழி. பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பது இங்கே பலிக்காது. கனத்த துணியின் விறைப்பு விரலை ஏமாற்றும். 160 வரை எண் போட்ட பம்ப்பு மீட்டரும் 20-க்கு அருகில் குத்துமதிப்புதான். தாழ்ந்த அழுத்தத்துக்கென்று தனி மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

டியூப் இல்லாத டயருக்குள் டியூபுக்குப் பதிலாக ஊற்றுவது சீலன்ட். மோர்போல வெள்ளை, பல வகைகளில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடை. முள் குத்தினால் காற்று ஓட்டை வழியே விரையும். அதோடு இந்தத் திரவமும் ஓடி, வாயிலில் திரண்டு, உறைந்து அடைத்துவிடும். புதிதாக ஆய்வுக்கூடத்தில் பிறந்த ரசாயனம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான வகைகளுக்கு உயிர்ப்பொருள் ரப்பர் மரத்தின் பால். தன் பட்டையில் விழும் காயத்தை அடைக்க மரம் வைத்திருக்கும் மருந்தை எடுத்து, அதே மரத்தின் ரப்பரில் விழும் காயத்துக்குப் பூசுகிறார்கள்.

மலேசியத் தமிழர் பேச்சில் அந்த மரத்துக்குப் பால்மரம் என்றே பெயர். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலின் பெயரில் இருப்பதும் அதே மரம். பிரேசில் காட்டிலிருந்து 1876-இல் ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. பத்தாண்டுக்கும் மேலாக அவற்றைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்தார் ஹென்றி ரிட்லி. காப்பித் தோட்டக்காரர்களைக் கண்டால் சட்டைப்பையில் ரப்பர் விதையைத் திணிப்பாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் கட்டினார்கள். அதே 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கினார். ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே அதைப் பதிந்திருந்தது பின்னால்தான் தெரிந்து, டன்லப்பின் உரிமை செல்லாமல் போயிற்று. ஒரே ஆண்டில் ஓர் ஊரில் காற்று, இன்னோர் ஊரில் பால்.

ரிட்லியின் பெரிய காரியம் விதை திணித்ததல்ல. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள்; மரம் புண்ணாகிப் போகும். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, வளரும் அடுக்கைத் தொடாமல், அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்தால் மரமும் பிழைக்கும், பாலும் பெருகும் என்று அவர் காட்டினார். மலாயாத் தோட்டங்களில் கங்காணிகள் மூலம் வந்து சேர்ந்த தமிழர்கள் செய்த வேலை இதுவே. இருட்டிலேயே எழுந்து, விளக்கோடு மரம் மரமாகப் போய், விடியும் முன் பால் வெட்டுவார்கள். அதற்குக் காரணம் காற்றழுத்தத்தின் ஒன்றுவிட்ட தம்பி. இரவில் வேர் குடித்த நீர் பட்டைக்குள் தங்கி, பால் குழாய்களில் விடியற்காலை 10 வளிமண்டலத்தை ஒட்டி அழுத்தம் ஏறியிருக்கும். சுமார் 147 பிஎஸ்ஐ, மலைச்சைக்கிள் டயரைப்போல் ஆறு மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பால் சுருங்கும். வெட்டிய வாயில் சில மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். பாலில் மிதக்கும் நுண்பைகள் உடைந்து ஒரு புரதம் வெளிவர, ரப்பர் துகள்கள் திரண்டு குழாய் முனைகளை அடைக்கின்றன. வெட்டில் காய்ந்து நாடாவாகக் கிடப்பது ஒட்டுப்பால். அடுத்த முறை வெட்டுகிறவர் முதலில் அதை உரித்த பிறகே கத்தியை வைப்பார். பழைய சீலன்ட் டயரைக் கழற்றினால் உள்ளே தோல்போல உரிந்து வருவதும் அதன் உறவுதான்.

பால் ஆலைக்குப் போகுமுன் உறைந்துவிடக் கூடாதென்று தோட்டத்தில் அம்மோனியா கலந்தார்கள். சீலன்டிலும் அதே காரணத்துக்காகவே அது சேர்கிறது. சைக்கிள்காரரின் கோரிக்கை மட்டும் இன்னும் கறாரானது: ஓட்டையில் நொடியில் உறைய வேண்டும், மற்ற இடத்தில் மாதக்கணக்கில் உறையக் கூடாது. சில மில்லிமீட்டர் துளைவரை அது நடக்கிறது. கல் கிழித்த நீளக் கிழிசலுக்கு ரப்பர் திரியைக் குத்திச் செருகுவதைத் தவிர வழியில்லை.

மலைக்கென்று உள்ள ஒரு குழப்பம் மீதி. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரம் 574 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தலைக்குமேல் இருக்கும் சேகுரூபே 1,905 மீட்டர். நகரத்தில் 23 பிஎஸ்ஐ அடித்து மேலே கொண்டுபோனால், வெளிக்காற்று மெலிவதால் மீட்டர் சுமார் 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். மேலே எட்டொன்பது டிகிரி குளிர்வதால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடும். நிகர லாபம் ஒரு பிஎஸ்ஐ, பொறுத்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான வீட்டுக்குள் காற்றடித்துவிட்டு உறைபனியில் ஓட்டப் போவதுதான் மோசம். 20 டிகிரி இறங்கினால் இரண்டரை பிஎஸ்ஐ போயிற்று. முதல் கல்லில் ரிம் இடித்துச் சொல்லும். மீட்டர் வைக்க வேண்டிய இடம் தடத்தின் தொடக்கம், வீட்டு வாசல் அல்ல.

சீலன்ட் இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் வற்றும். வெயில் ஊரில் சீக்கிரம். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலவென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பால் முழுதும் ஒட்டுப்பாலாகிவிட்டது. வால்வின் நடுத்தண்டைக் கழற்றி, 29 அங்குல டயருக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் ஊற்றி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமும் படுக்கப் போட்டு வைக்க வேண்டும்.