பட்டியலில் ஓர் இடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணினி அறிவியல்)

மனிதன் பிறப்பு முதல் இறப்பு வரை படிவங்களோடுதான் வாழ்கிறான் என்றால் அது மிகையாகாது. பிறப்புச் சான்று, பள்ளிச் சேர்க்கை, குடும்ப அட்டை, உதவித்தொகை என எங்கு சென்றாலும் ஒரு படிவம் நம்மை வரவேற்கிறது. அன்று பேனாவால் நிரப்பினோம். இன்று கணினித் திரையில் நிரப்புகிறோம். காகிதப் படிவத்தில் கட்டம் பொருந்தாவிட்டால் ஓரத்திலாவது எழுதி வைக்கலாம். திரையில் விரியும் பட்டியலுக்கு ஓரம் ஏது? அதில் உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

மதுக்கரையில் என் அன்னையார் கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாள். ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘தாயார் தொழில்’ என்னும் இடத்தில் அரசுப் பணி, தனியார் பணி, விவசாயம், சொந்தத் தொழில், இல்லத்தரசி, மற்றவை என ஆறு தேர்வுகள் இருந்தன. நான் ‘மற்றவை’யைத் தொட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, “ஏஞ்சாமி, நா செய்யற வேலைக்கு அதுல பேரே இல்லியா?” என்றார். கேள்வி சிறியதுதான். ஆனால் அது என்னை விடவில்லை.

நண்பர்களே, பட்டியலில் ஒரு வரி கூடுவதால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்பதோடு, ‘பிறர்’ என்பதற்கு 3 என்னும் எண்ணும் தரப்பட்டது. அந்த ஓர் எண்ணின் கீழ் நாடெங்கும் சுமார் 4.88 லட்சம் பேர் பதிவாயினர். அவர்கள் அன்று புதிதாகப் பிறந்தவர்களா? இல்லை! அன்றுதான் பட்டியல் அவர்களைக் கண்டது.

இவ்வாண்டு செய்முறை வகுப்பில் ‘ஜாங்கோ’ என்னும் வலைச் சட்டகத்தைக் கற்றோம். அமெரிக்காவில் லாரன்ஸ் என்னும் ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் உருவாகி, 2005-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது அது. பட்டியலுக்கான தேர்வுகளை அதனிடம் கொடுத்தால் படிவத்தை அதுவே வரைந்து தரும். ஒவ்வொரு தேர்வுக்கும் இரு முகங்கள் உண்டு. ஒன்று, பார்ப்பவர் கண்ணில் படும் பெயர். மற்றொன்று, கணினிக்குச் செல்லும் மதிப்பு. ஆகவே பெயரை நல்ல தமிழில் காட்டிவிட்டு, உள்ளே ஓர் எண்ணை மட்டும் அனுப்பலாம்.

பட்டியலுக்கு நாம் தரும் பண்புகள் பட்டியல் முழுமைக்கும் சேருமே தவிர, தனித்தனி வரிகளைச் சேரா. ஒரு வரிக்கு மட்டும் ஏதேனும் செய்ய வேண்டுமானால் வேறு வழி உண்டு. ஒவ்வொரு வரியையும் உருவாக்க ‘கிரியேட் ஆப்ஷன்’ என்ற செயற்கூறு ஒன்று 2017-இல் வந்த 1.11-ஆம் பதிப்பு முதல் இருந்து வருகிறது. வரிக்கு ஒரு முறை அது அழைக்கப்படும். அதை நம் விருப்பப்படி மாற்றி எழுதினால், வேண்டிய வரியில் மட்டும் வேண்டிய பண்பைச் சேர்த்துவிடலாம்.

எங்கள் துறைக்காகச் செய்த மாதிரிப் படிவத்தில் ‘கட்டுமானத் தொழில்’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அந்த வரிக்கு மட்டும் ஒரு குறிப்பையும் இணைத்தேன். அதைத் தேர்ந்தவுடன், “நல வாரியத்தில் பதிவு செய்துள்ளீர்களா?” என்ற கேள்வி கீழே தோன்றும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் அமைந்தது. அதில் பதிவு பெற்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. ‘மற்றவை’யைத் தேர்ந்த மாணவனிடம் இதைச் சொல்வது யார்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. விடுதி அறைப் பட்டியலில் நிரம்பிய அறையை மட்டும் மங்கலாக்கி, தேர்ந்தெடுக்க இயலாதவாறு செய்யலாம். ஆனால் அது திரையில் போட்ட பூட்டு மட்டுமே; விவரம் அறிந்தவர் தம் கணினியிலேயே அதைத் திறந்துவிடுவார். ஆதலால் வந்து சேரும் விடையைச் சர்வரிலும் மீண்டும் சோதித்தாக வேண்டும். வாசலில் கோலம் போட்டால் போதுமா? கதவுக்குத் தாழும் வேண்டும் அல்லவா?

கணினிக்கு உயர்வு தாழ்வு தெரியாது. எந்தத் தொழிலுக்குப் பெயர் தருவது, எதை ‘மற்றவை’ என்னும் சாக்கில் போட்டுக் கட்டுவது என்று முடிவு செய்பவன் மனிதன்தான். நாளை இந்நாட்டின் படிவங்களை எழுதப் போகிறவர்கள் நம்மில் பலர். சாந்துச் சட்டி சுமப்பவர், மட்டை உரிப்பவர், தறி ஓட்டுபவர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரின் வீடுகளிலிருந்து வந்த நாம், ஒரு பட்டியலை முடிக்கும் முன் இதில் யார் விடுபட்டார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். ஒரு வரியைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். அந்த வரியில் ஒரு குடும்பத்தின் உழைப்புக்குப் பெயர் கிடைக்கும்!