தனி எண்ணெய்

சார்ஜாவில் மோட்டார்ப் பட்டறையொன்றில் பணிபுரியும் நம் பழைய மாணவர் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு மஸ்அலா கேட்டார். கொடுக்கல் வாங்கலைப் பற்றிய மஸ்அலாதான். ஆயினும் முதலில் இயந்திரத்தை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தாளில் படம் வரைந்து காட்டினார்.

வேகப் பிரியர்கள் காரில் சூப்பர்சார்ஜர் பொருத்துகின்றனர். என்ஜினின் பெல்ட்டால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி அது. ஒரு வகையில் பற்சக்கரங்கள் வேகத்தைப் பெருக்க, உள்ளிருக்கும் விசிறி நிமிடத்திற்கு 40,000 சுற்றுக்கும் மேல் சுழலுமாம். எண்ணெய் நின்றால் பேரிங் கருகிவிடும். அந்த எண்ணெயை என்ஜினிலிருந்தே மெல்லிய குழாயில் எடுத்து, அகன்ற குழாயில் திருப்புவதுண்டு. திரும்பும் குழாய் ஏன் அகலம் என வினவினோம். நுரைத்துப்போய், தன் பாரத்தாலேயே இறங்கவேண்டியிருப்பதால் என்றார்.

இதற்காக என்ஜினின் எண்ணெய்த் தொட்டியைத் துளையிட வேண்டும். சூப்பர்சார்ஜர் பழுதானால் அதன் உலோகத் துகள் என்ஜினுக்குள்ளும் போகும். ஆகவே சிலர் தனித் தொட்டி, மின்பம்பு, வடிகட்டி என அமைத்துவிடுகின்றனர். "தனிக்குடித்தனம்" என்றோம், சிரித்தார்.

அதிலும் ஓர் ஆபத்துண்டு. என்ஜின் ஓடும்வரை அதன் எண்ணெய்ப் பம்பும் உடன் ஓடும். மின்பம்போ ஃபியூஸ் போனால் நின்றுவிடும். பெல்ட் மட்டும் சூப்பர்சார்ஜரைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். ஓட்டுபவர் அறியார். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு அதனால் அவசியம். முதலாளியோ செலவு கருதி அதை விட்டுவிடச் சொன்னார். வாடிக்கையாளரிடம் வாய் திறக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

"வைத்த பொருளில் ஐபு இல்லை ஹஜ்ரத். வைக்காததைச் சொல்லாமலிருப்பது குற்றமாகுமா?"

பக்தாதின் பனூ மூஸா சகோதரர் மூவர் நம் நினைவுக்கு வந்தனர். 9-ஆம் நூற்றாண்டில் எழுந்த அவர்களின் 'கிதாபுல் ஹியல்' நூலில், தானே எண்ணெய் வார்த்துக்கொள்ளும் விளக்கு உண்டு. ஹியல் என்றால் நுட்பமான கருவிகள். சட்டத்தைச் சுற்றிப்போகும் தந்திரங்களுக்கும் அதுவே பெயர். முதலாளி கையாண்டது இரண்டாவது வகை.

மதிப்பைக் குறைப்பதும், வாங்குபவரின் நியாயமான நோக்கத்தைக் கெடுப்பதும் ஐபுதான். மறைத்தால் பொருளைத் திருப்பும் உரிமை, கியாருல் ஐபு, அவருக்குண்டு. எனவே சொல்லிவிட வேண்டும் என்றோம். அவர் தலை குனிந்தார். விசா முதலாளியின் கையில்; ஊரில் இரு தங்கையருக்கு நிகாஹ் ஆகவில்லை. மத்ரஸாத் திண்ணையில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவது எளிது.

திரும்பிச் சென்றபின் தொலைபேசியில் பேசினார். விளக்கையும் அழுத்த சுவிட்சையும் தம் கைப்பணத்தில் வாங்கி மாட்டிவிட்டாராம். முதலாளியும் பார்த்துவிட்டுப் பேசாமல் போனாராம். அந்தப் பணத்தை அவரிடம் கேட்கலாமா என்பது அடுத்த மஸ்அலா. அனுமதியின்றிப் பிறருக்காகச் செலவிட்டவர் நன்கொடை செய்தவராகவே கருதப்படுவார் என்பது கிதாபு. அதைச் சொல்ல நமக்கு இன்னும் வாய் வரவில்லை.