ஆனைக்குட்டத்திலிருந்து திருச்சுழிக்கு

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில், அர்ச்சுனா நதியை ஒட்டி அமைந்த சிற்றூர் ஆனைக்குட்டம். குட்டம் என்றால் ஆழமான நீர்நிலை. இன்று அங்கே நதியின் குறுக்கே அணை எழுப்பி, நீர்த்தேக்கம் அமைத்திருக்கிறார்கள். மழை கனிந்த ஆண்டில் அது கடல்போல் தளும்பும். பொய்த்த ஆண்டில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சுற்றிலும் வேலிக்கருவை, சோளக்காடு, ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் பட்டாசு ஆலையின் சிறு அறைகள்.

இவ்வூர்ப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆலைகளுக்கு விடுமுறை. தீபாவளி கழிந்தபின் சில வாரங்கள் வேலையும் ஓய்ந்திருக்கும். அந்நாள்களில் குடும்பங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வெளியூர் புறப்படும். கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்புவார்கள். இரவு தங்குவது மதுரையிலோ நெல்லையிலோ உள்ள தோழர் வீட்டில். தோழரைப் பார்க்கவென்றே கிளம்பியவர்களும் வழியில் கோபுரம் தெரிந்தால் இறங்கிவிடுவார்கள். இரண்டில் எது முதல் நோக்கம் என்று கேட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே சொல்லத் தெரியாது.

எங்கள் பயணம் பெரும்பாலும் திருச்சுழிக்கு. அது கிழக்கே இருக்கிறது. ஆயினும் எதிர்த்திசையில் உள்ள திருத்தங்கலுக்கு முதலில் சென்று, தங்காலமலைமேல் நின்ற நாராயணப் பெருமாளைச் சேவித்த பிறகே வண்டியைக் கிழக்கே திருப்புவோம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று இத்தலம். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்திருக்கிறார்கள். அன்னநாயகி, அமிர்தநாயகி, அனந்தநாயகி, ஜாம்பவதி என நால்வர் நாச்சியாரோடு பெருமாள் நின்ற திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். அதே மலையில் சிவபெருமானுக்கும் திருக்கோயில் உண்டு. ஆண்டாளை மணம் புரிய ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்ட அரங்கன், வழியில் பொழுது சாயவே இம்மலையில் தங்கினான் என்று தலவரலாறு கூறுகிறது. பயணத்தில் ஓரிரவு தங்கிப் போகும் வழக்கம் பெருமாளுக்கே இருந்திருக்கிறது!

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலும் இத்தங்கால் வருகிறது. சோழநாட்டு அந்தணனாகிய பராசரன், சேர மன்னனைக் கண்டு பெரும் பரிசில் பெற்றுத் திரும்பும்போது இவ்வூரில் சுமையை இறக்கி இளைப்பாறுகிறான். விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம், தன்னோடு ஒக்க வேதம் ஓத வல்லவர் இப்பொதியைக் கொண்டு போகலாம் என்கிறான். வார்த்திகன் மகன் தட்சிணாமூர்த்தி, மழலை மாறாத வாயால் பிழையின்றி ஓதிப் பரிசைப் பெறுகிறான். ஏழை வீட்டில் திடீரென்று வந்த செல்வத்தைக் கண்டு ஐயுற்ற அரசு ஊழியர் தந்தையைச் சிறையில் இடுகிறார்கள். அவன் மனைவி அழுது புலம்ப, கொற்றவை கோயிலின் கதவு திறவாமல் அடைத்துக்கொள்கிறது. பாண்டியன் காரணம் அறிந்து, வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளிக்கிறான். சேரநாட்டுக்கும் சோழநாட்டுக்கும் இடையே நடந்தவர்கள் எங்கள் கரிசல் காட்டைக் கடந்தார்கள் என்பதற்கு இக்கதை போதும்.

அப்படி இரு நாடுகளுக்கிடையே நட்பின் பொருட்டே பலமுறை பயணப்பட்ட இருவரைச் சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டுகிறார். ஒருவர் திருவாரூரில் வாழ்ந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள். மற்றவர் கொடுங்கோளூரில் அரசு புரிந்த சேரமான் பெருமாள் நாயனார். சேரமான் நாள்தோறும் பூசை முடிக்கும் வேளையில் நடராசப் பெருமானின் திருச்சிலம்பொலி கேட்கும். ஒருநாள் அவ்வொலி கேட்கத் தாமதமாயிற்று. பூசையில் பிழை நேர்ந்ததோ என்று மன்னர் உடைவாளை உருவித் தம்மையே மாய்க்கத் துணிந்தபோது சிலம்பு ஒலித்தது. தில்லையில் சுந்தரன் பாடிய பாட்டில் உள்ளம் தோய்ந்து நின்றதால் வரத் தாழ்ந்தோம் என்றார் இறைவன். அவரை அவ்வாறு நிறுத்தி வைத்த அடியவரைக் கண்ணால் காண வேண்டும் என்று சேரமான் அரண்மனையை விட்டுப் புறப்பட்டார். தில்லையில் பொன்வண்ணத்து அந்தாதி பாடி, திருவாரூர் சேர்ந்து சுந்தரரைக் கண்டு தழுவினார். அன்றுமுதல் சுந்தரருக்குச் சேரமான் தோழர் என்றும் பெயராயிற்று.

பிறகு இருவரும் சேர்ந்து பாண்டி நாட்டுத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டார்கள். நாகை, மறைக்காடு வழியாக மதுரை வந்தார்கள். பாண்டிய மன்னனும் அவன் மகளை மணந்திருந்த சோழனும் எதிர்கொண்டு உபசரித்தார்கள். திருப்பூவணம், திருவாப்பனூர், திருவேடகம் சென்று வணங்கி, மூவேந்தரும் உடனிருக்கச் சுந்தரர் திருப்பரங்குன்றத்தில் பாடினார். அதன்பின் குற்றாலம், குறும்பலா, திருநெல்வேலி. பரங்குன்றத்திலிருந்து குற்றாலம் செல்வோர் இன்று திருமங்கலம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் கடந்தே போகிறார்கள். அச்சாலையில் செல்லும்போதெல்லாம், மேற்கே நீலமாகத் தெரியும் இம்மலைத்தொடரை அவ்விருவரும் பார்த்திருப்பார்களே என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

இராமேசுவரத்தை வணங்கி மீண்ட தோழர்கள் அடுத்து வந்து தங்கிய தலம் திருச்சுழியல். இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழி அதுவே. அங்கு இரவில் சுந்தரர் கண்துயிலும்போது, இறைவன் கையில் பொற்செண்டும் முடியில் சுழியமும் கொண்ட இளங்காளையாகக் கனவில் தோன்றி, தாம் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைந்தார். விழித்தெழுந்த சுந்தரர் அக்கனவைச் சேரமானிடம் சொல்ல, இருவரும் கானப்பேருக்கு நடந்தார்கள். காளையார்கோயில் என்று நாம் இப்போது அழைக்கும் ஊர். ஓரிடத்தில் விருந்தாக இருப்பவரை அடுத்த வீட்டுக்காரர் வந்து அழைத்துப் போவதில்லையா, அதுபோல!

விருதுநகர், அருப்புக்கோட்டை தாண்டிக் குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. ஊழி வெள்ளம் பெருகியபோது பெருமான் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, நீரைச் சுழித்து உள்ளே செலுத்தியதால் இப்பெயர் என்பது புராணம். சுவாமி பூமிநாதர்; அம்மன் துணைமாலை நாயகி. பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற பதினான்கு தலங்களில் ஒன்று.

எங்கள் தோழர் அவ்வூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பள்ளியில் என்னைவிட ஒரு வகுப்பு கீழே படித்தவர். ஆலையில் மருந்துக் கலவை வேலை பார்த்தவர். ஒருநாள் காலையில் நேர்ந்த விபத்தில் உயிர் தப்பினார். இரு கைகளிலும் விரல்கள் ஒட்டிப்போய் மடங்காமல் நின்றுவிட்டன. எங்கள் பக்கத்தில் இது அரிய செய்தியன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் திரும்பும்வரை மனம் நிலைகொள்ளாத வீடுகள் இங்கே ஏராளம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தச் சந்திப்பையும் எங்கள் பெரியவர்கள் தள்ளிப்போடுவதில்லை.

வண்டி வாசலில் நின்றதும் தோழர், “எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு தூரம்? போன்லதான் பேசிக்கிட்டே இருக்கோமே!” என்பார். விடிந்ததிலிருந்து திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்பதை அவர் மகள் உடனே சொல்லிவிடுவாள். நாங்கள் கொண்டுபோகும் சாத்தூர்க் காராச்சேவும் பால்கோவாவும் பேரப்பிள்ளைகளுக்குப் போய்விடும். அவருக்கு வேண்டியது வேறு. நம் தெருவில் யார் யார் இப்போது எந்த ஆலையில் இருக்கிறார்கள், இன்னார் மகன் கலவை அறைக்குப் போகிறானா, பெட்டி ஒட்டும் வேலைக்கு மாறிவிட்டானா என்று ஒவ்வொரு பெயராகக் கேட்பார். எல்லாரும் நலம் என்று தெரியும்வரை காப்பியைத் தொடமாட்டார்.

மாலையில் பூமிநாதர் கோயிலுக்குப் போவோம். குருக்கள் தரும் திருநீறு அவர் உள்ளங்கையில் அப்படியே இருக்கும். விரலால் எடுக்க இயலாது. நான் எடுத்து அவர் நெற்றியில் இடுவேன். பல ஆண்டு வழக்கம் ஆகையால் குருக்களும் இப்போது இருவருக்கும் உரியதை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார். துணைமாலை அம்மன் சன்னிதியில் தோழர் சற்றுக் கூடுதலாக நிற்பார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை; வீட்டில் அவர் கேட்டறிந்த அதே பெயர்களை உதடு அசையச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

கோயிலுக்கு அருகில் பகவான் ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த இல்லம் இருக்கிறது. சுந்தர மந்திரம் என்று பெயர். அவரது வாழ்க்கையிலும் ஒரு விருந்தாளியின் வருகை முக்கியமானது. தந்தையார் மறைந்தபின் மதுரையில் படித்துக்கொண்டிருந்த சிறுவன் வேங்கடராமன், 1895-ஆம் ஆண்டு வீட்டுக்கு வந்த வயதான உறவினரிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார் அவர். அதன்பின் அவன் கையில் கிடைத்த பெரியபுராணம் உள்ளத்தை உருக்கிற்று. மறு ஆண்டு செப்டம்பர் 1 அன்று அவன் திருவண்ணாமலையில் இருந்தான்.

சுந்தரர், சேரமான் கதைக்கு வருவோம். பாண்டி நாட்டு யாத்திரை முடிந்து ஆரூர் திரும்பிய சேரமான், தம் ஊருக்கு வருமாறு தோழரை அழைத்துப் போனார். வழியில் திருவையாற்றில் காவிரி பெருவெள்ளமாகி ஓடமும் செல்லாதபடி ஓடிற்று. சுந்தரர் பாட, நீர் விலகி வழிவிட்டது. கொடுங்கோளூரிலிருந்து திரும்பும்போது சேரமான் கொடுத்தனுப்பிய பொருளெல்லாம் திருமுருகன்பூண்டியில் வேடர் வடிவில் வந்த பூதகணங்களால் பறிபோயின, பாடியே மீட்டார். இத்தனைக்குப் பிறகும், சில காலம் சென்றதும் தோழரின் நினைவு வர, சுந்தரர் மறுபடியும் மலைநாட்டுக்கு நடந்தார். அதுவே இறுதிப் பயணம். திருவஞ்சைக்களத்தில் அவர் பாடியபோது கயிலையிலிருந்து வெள்ளானை வந்தது. அதன்மேல் ஏறியவர் தோழரை நினைத்தார். எங்கோ இருந்த சேரமான் அதை உணர்ந்து, குதிரையில் ஏறி, அதன் செவியில் திருவைந்தெழுத்தை ஓதினார். குதிரை வானில் பாய்ந்து யானையை வலம் வந்து முன்னே சென்றது. கயிலை வாயிலில் சேரமானைத் தடுத்து நிறுத்தினார்கள். உள்ளே சென்ற சுந்தரர், தம் தோழர் வாயிலில் நிற்பதைப் பெருமானிடம் விண்ணப்பித்த பின்னரே அவருக்கு அழைப்பு வந்தது. அழையாமல் வந்ததேன் என்று இறைவன் புன்முறுவலோடு கேட்டாராம்.

இருவருக்கும் குருபூசை ஒரே நாள், ஆடிச் சுவாதி. கேரளத்தில் கொடுங்கல்லூருக்கு அருகே திருவஞ்சிக்குளம் என்று வழங்கும் அத்தலத்துக்கு அந்நாளில் தமிழ்நாட்டிலிருந்து அடியார்கள் திரளாகச் செல்கிறார்கள். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே தலம் அது. எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம், செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை ஏறி இறங்க வேண்டும். ஒரு பகல் முழுதும் ஆகும். ஆரியங்காவில் ஐயனைத் தொழுது இளைப்பாறலாம். ஆடியில் அங்கே சாரல் விடாது, போர்வை அவசியம். வரும் ஆடிக்கு நாங்கள் போகிறோம். திருச்சுழித் தோழர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். ஜன்னலோர இடம் வேண்டும் என்று நிபந்தனை வேறு.