பாழ்த் தீவுக்கு ஒரு பிரயாணத் திட்டம்

இந்து மகா சமுத்திரத்தின் படத்தில் விரலைத் தெற்கே ஓட்டிக்கொண்டே போனால், 49-வது அட்சரேகையில் மைத்துளி சிந்தினாற் போன்ற ஒரு தீவுக் கூட்டம் தட்டுப்படும். அதுதான் கெர்கேலன். பல வருஷமாக வகுப்பில் பூகோளம் போதித்த நமக்கு, அங்கே ஒரு முறை போய் வந்தாலென்ன என்று ஆசை பிறந்தது.

விமானம் இறங்க அங்கே இடமில்லை. ரீயூனியன் தீவிலிருந்து வருஷத்துக்கு நான்கு தடவை ‘மரியோன் துஃப்ரேன்’ என்னும் பிரஞ்சுக் கப்பல் புறப்படுகிறது. விஞ்ஞானிகளுக்கும் சாமான்களுக்கும் போக, நம் போன்றோருக்குச் சில இடங்களே மிஞ்சும். கடல் தூரம் சுமார் 2,000 மைல். போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு மாதம். நமக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதத்திலோ அங்கே குளிர்காலம் நெருங்கிவிடும். கட்டணத்தைக் கணக்கிட்டதும் பென்ஸில் தானாகவே நின்றுவிட்டது!

1772-ல் இத்தீவைக் கண்ட கெர்கேலன், தாம் கரையில் காலே வைக்காமல், வளமான தென் பிரான்ஸைக் கண்டுபிடித்ததாக அரசரிடம் சொன்னார். மறு பிரயாணத்தில் உண்மை வெளிப்பட்டது. வேறு பல குற்றச்சாட்டுகளும் சேர, அவர் சிறை புகுந்தார். 1776-ம் வருஷக் கிறிஸ்துமஸ் தினத்தில் அங்கே நங்கூரமிட்ட காப்டன் குக், ‘பாழ்த் தீவு’ என்றே அழைக்கலாம் என்றார்.

மரம் ஒன்றுகூட இல்லாத அப்பூமியில் ஒருவகை முட்டைக்கோஸ் விளைகிறது. மாலுமிகளை ஸ்கர்வி நோயிலிருந்து காத்த கீரை அது. ஓயாத காற்றினால் அதில் வாழும் ஈக்குச் சிறகே இல்லை! 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த ஆங்கிலேயர் முயல்களைக் கொண்டுவந்து விட்டனர். அவை பெருகி அந்தக் கீரையைப் பெரும்பாலும் தின்று தீர்த்தன. 2019-ல் இத்தீவுகள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. இறங்குவோர் உடையிலும் பூட்ஸிலும் ஒரு விதைகூட ஒட்டியிராதபடி சுத்தம் செய்தாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட நம் பெண், “அப்படியானால் நீங்கள் போவதும் இன்னொரு முயல் போவதும் ஒன்றுதானே, அப்பா?” என்றாள்.

திட்டத்தை நாம் கைவிடவில்லை. ஆனால் பெட்டியை மீண்டும் பரண்மேல் ஏற்றியாயிற்று. காணாத தீவை வர்ணித்தவருக்கு நேர்ந்த கதி நினைவிருப்பதால், வர்ணனையையும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.