அயல்நாட்டில் ஆடைத் தூய்மை

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் இல்லங்களிலிருந்து பிரான்ஸுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு ஊறுகாயும் பொடிகளும் கட்டித் தருகிறோம். துணி துவைக்க நான்கு சொற்களைக் கற்றுத் தருவதில்லை. தொழுகைக்கு ஆடைத் தூய்மை நிபந்தனை அன்றோ!

காசு செலுத்தி இயந்திரத்தில் நாமே துவைக்கும் கடை அங்கே 'லாவ்ரி'. சலவைத்தூள் 'லெஸ்ஸீவ்', அலசல் 'ரேன்ஸாஜ்'. இயந்திரம் காலியா என்று கேட்க, "ஸே லீப்ர்?" பிறர் துணி துவைத்த இயந்திரமாயிற்றே என்று கலங்க வேண்டாம், உறுதியானதை ஐயம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி.

'ப்ரெஸ்ஸிங்' என்னும் பெயர்ப்பலகையில்தான் கவனம் வேண்டும். நம் ஊர் இஸ்திரிக்கடை என்று எண்ணிவிடுவோம். உண்மையில் அது உலர்சலவைக் கடை. அங்கே நீருக்குப் பதிலாக இரசாயனத் திரவம். நஜீஸ் பட்ட ஆடை அதனால் தூய்மையாகாது, நீரே வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. நஜீஸை அகற்றும் பிற தூய திரவங்களையும் ஹனஃபி மத்ஹபு ஏற்கிறது. எம்மைக் கேட்டால், குளிர்காலக் கோட்டாயினும் நஜீஸ் பட்ட இடத்தை அறையிலேயே நீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கொடுப்பதே பேணுதல். சட்டைக்கு இஸ்திரி மட்டும் போதுமெனில், "ரெபாஸாஜ் ஸெல்மான்" என்று சொன்னால் போதும்.